பத்து ஆணிகள்

அத்தியாயம் 6

ராஜாமணியின் மண்டையை உடைத்தவன் ஒரே அடியோடு நிறுத்தியிருக்கவில்லை. மூன்று அடி. மூன்றாவது அடி விழுந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்க முடியாது. இருந்தும் அடித்திருக்கிறான்.

துப்பறிவாளர் ஜீவகன் ஓடைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மூன்றாவது அடியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பதரை மணி. கூட்டேரிப்பட்டுக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டிய வறண்ட ஓடை அது. மேலே சாலையில் வைக்கோல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

1986 மார்ச்சில் அந்த வட்டாரத்து வைக்கோலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலும் மாட்டுக்கும் போகவில்லை, அடுப்புக்கும் போகவில்லை. கடலுக்குப் போயின. மூன்று நாளுக்கு முன் மரக்காணத்துக்கு நேர் கிழக்கே, நடுக்கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதிப் பிளந்துவிட்டது. கரையேறும் எண்ணெயை உறிஞ்ச வைக்கோலும் தோலும் போதும். ஆனால் கழுவெளி உப்பங்கழியின் முகத்துவாரத்தை வைக்கோலால் அடைக்க முடியாது. எண்ணெய் அதற்குள் புகுந்துவிட்டால் மீனையும் உப்பையும் நம்பி வாழும் பதினாறு ஊர் போச்சு. அதைத் தடுக்க ரப்பரால் செய்த மிதவை வேலி ஒன்று கல்கத்தாவிலிருந்து ரயிலில் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தது. இருந்தது அந்த ஒன்றுதான். விடியற்காலை ஆறு மணிக்கு லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் விருத்தாசலம். காவலுக்கு ராஜாமணி.

லாரி திண்டிவனம் போய்ச் சேரவில்லை. ராஜாமணி ஓடைக்கு வந்து சேர்ந்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் ஏற்றம்; அதோடு எண்ணெயும் உள்ளே வரும்.

"இதுல துப்பறிய என்ன சார் இருக்குது?" என்றார் கரையில் நின்ற இன்ஸ்பெக்டர். "வந்தது ரெண்டு பேரு. ஒருத்தன் செத்துக் கெடக்கறான். இன்னொருத்தனையும் காணோம், லாரியையும் காணோம். கூட்டிக் கழிச்சா டிரைவர்தான்."

"கணக்குல புலி சார் நீங்க," என்றான் தேவசகாயம். "ரப்பர் வேலியைத் திருடிக்கினு போய் அவன் எந்தக் கொல்லைக்குச் சார் கட்டுவான்?"

தேவசகாயம் ஜீவகனின் உதவியாளன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஜீவகன் ஒரு வார்த்தை பேசுவார். மிச்சம் மூன்றையும் அவன் பேசிவிடுவான்.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள். விருத்தாசலத்தின் மனைவி செண்பகம். கெடாரிலிருந்து செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். ஓடையில் கிடந்த உடம்பைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ராஜாமணி அண்ணனை என் ஊட்டுக்காரரு தொடமாட்டாருங்க. ரெண்டு பேரும் ஒரே தூக்குல சோறு துன்றவங்க."

"கெடைக்கட்டும். மொதல்ல முட்டியைப் பேத்துட்டு அப்புறம் கேக்கறேன், ஒரே தூக்கா ரெண்டு தூக்கான்னு," என்றார் இன்ஸ்பெக்டர்.

செண்பகம் அவரை விட்டு நகர்ந்தாள். சரிவில் இறங்கி ஜீவகனின் எதிரே வந்து நின்றாள்.

"போலீசு கண்டுபுடிக்கறதுக்கு முன்ன நீங்க கண்டுபுடிங்கய்யா. எனக்கு அவரு உசுரோட வேணும்."

ஜீவகன் உடம்பின் பக்கம் குனிந்தார். ராஜாமணியின் சட்டைக் காலரில் உறைந்திருந்த ரத்தத்திலிருந்து எதையோ நகத்தால் பெயர்த்தெடுத்துத் தேவசகாயத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"மல்லாட்டைத் தோலு," என்றான் அவன். "பாவம், கடைசியா நாலு மல்லாட்டை துன்னுருக்காரு."

"மேல ஒட்டல. ரத்தத்துக்குள்ள கலந்திருக்கு. அவர் விழுந்து துடிச்ச தரை பூரா தோல். இந்த ஓடையில தோல் இல்ல."

"அப்ப ஏதோ மல்லாட்டை மில்லு. திண்டிவனத்தைச் சுத்தி நாப்பது மில்லு இருக்குது சார்."

"நாப்பது மில்லுத் தோலும் மூணு நாளா கடற்கரைக்குப் போயிடுச்சு. போகாத மில்லு எது?"

தேவசகாயம் கையிலிருந்த தோலை மறுபடியும் பார்த்தான். முதல் தடவையாக அதை மரியாதையோடு பார்த்தான்.

*

கூட்டு ரோட்டில் பாஞ்சாலியின் டீக்கடை. வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, முழங்கால்வரை அப்பியிருந்த பழுப்புக் குழம்பைக் கந்தல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் எண்ணெய் வாரிவிட்டு லாரியில் திரும்பியவர்கள். மண்ணெண்ணெய் போட்டால் கால் தோல் வெந்துபோகிறது என்பதால் மல்லாட்டை எண்ணெய் தடவித்தான் துடைக்க வேண்டியிருந்தது.

"என்ன தலைவரே, கேப்பைக் கூழுல எறங்கி மிதிச்சீங்களா?" என்றான் தேவசகாயம்.

"நாத்தம் மட்டும் இல்லன்னா குடிச்சே தீத்திருப்போம்," என்றார் ஒருவர், தலையை நிமிர்த்தாமல்.

ஜீவகன் அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தேவசகாயம்தான் பாஞ்சாலியிடம் விசாரித்தான்.

"எல்லா மில்லுத் தோலும் என் கடை முன்னாலதான் போச்சு," என்றாள் அவள், டீயை ஆற்றிக்கொண்டே. "மயிலம் ரோட்டு மில்லுத் தோலு மட்டும் போவல. கேட்டா தீப்புடிச்சி எரிஞ்சிட்ச்சாம். போர்டு மாட்டிக்கிறான். ஏம்பா, மில்லு எரிஞ்சா பொகை வரவேணாம்? என் அடுப்புப் பொகைக்கே ஊரு சண்டைக்கு வருது."

"காலைல லாரி எதாச்சும் அந்தப் பக்கம் திரும்பிச்சாக்கா?"

"ஏழு மணி இருக்கும். கவருமெண்டு ஜீப்பு ஒண்ணு ஒரு லாரியை மறிச்சி அப்படித் திருப்பி உட்டுச்சு. எறங்கினவன் வெள்ளை பேண்ட்டு. மூஞ்சில துண்டு கட்டிக்கினு இருந்தான். புழுதிக்குன்னு நெனச்சேன்."

"அரசாங்க ஜீப்," என்றார் ஜீவகன் மெதுவாக.

"அதான் சார் பேஜாரு. திருடனே அரசாங்க வண்டில வந்தா நாம எந்த வண்டில துரத்துறது?"

"நம்ம புல்லட்ல."

*

மில் வாசலில் 'தீ விபத்து, உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கியது. சுவரில் கரி இல்லை. ஓட்டில் புகைக்கறை இல்லை. உள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஈரச் சாக்கைக் கட்டையால் அடிப்பது போன்ற சத்தம். கொஞ்சம் இடைவெளி. ஏதோ ஒரு கேள்வி. மறுபடியும் அதே சத்தம்.

ஜீவகன் கதவைத் தள்ளினார்.

உத்தரத்தில் கட்டிய கயிற்றில் ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கீழே கணுக்கால் ஆழத்துக்கு, ரத்தத்தில் சிவந்த மல்லாட்டைத் தோல். அவனுக்கு இரு பக்கமும் இரண்டு பேர். ஒருவன் கையில் லாரி ஜாக்கியின் இரும்புத் தடி. இன்னொருவன் கையில் கொடுவாள்.

"யார்ரா நீங்க?"

"தீயணைக்கிற ஆளுங்கப்பா. போர்டு பாத்து வந்தோம்," என்றான் தேவசகாயம். சொல்லிக்கொண்டே வாசலில் கிடந்த தோல் மூட்டையைத் தூக்கித் தடிக்காரன்மேல் எறிந்தான். மூட்டையோடு தானும் அவன்மேல் போய் விழுந்தான். இருவரும் தோலுக்குள் புரண்டார்கள். தடி ஒருமுறை தேவசகாயத்தின் தோளில் இறங்கியது. அவன் அந்தக் கையைப் பல்லால் கவ்வினான்.

கொடுவாள் ஜீவகனை நோக்கி வந்தது. அவர் விலகினார். வெட்டு தூணில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதை உருவ அவன் எடுத்துக்கொண்ட ஒரு நொடியில் சுவரோரம் இருந்த மண்வெட்டி அவர் கைக்கு வந்துவிட்டது. முழங்காலில் ஓர் அடி. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அவன் விழுந்தும் கொடுவாளை விடவில்லை. மணிக்கட்டில் இரண்டாவது அடி. கொடுவாள் எகிறிப் போயிற்று. கை தப்பான திசையில் மடங்கிக் கிடந்தது.

அப்போதும் மண்வெட்டி மேலே உயர்ந்தது.

ஜீவகன் தன் தலைக்குமேல் நின்ற அந்த இரும்பை நிமிர்ந்து பார்த்தார். பூச்சி சாகக் கூடாதென்று தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் சமண வீட்டில் வளர்ந்த கை அது. மூன்றாவது அடி எங்கிருந்து வருகிறது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாரே, அந்த இடம் இப்போது தெரிந்தது. தூரத்தில் இல்லை. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

தடிக்காரன் தேவசகாயத்தை உதறிவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான்.

"சார், இவனுக்கு உசுரு இருக்குது!" தேவசகாயம் கயிற்றை அறுத்துத் தொங்கியவனைத் தாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் நனைந்துபோன லைசென்ஸ். விருத்தாசலம்.

மணிக்கட்டு உடைந்தவனின் பக்கத்தில் ஜீவகன் உட்கார்ந்தார். "யாருக்காக இதெல்லாம்?"

"ஜீப்பு ஐயா... துண்டு கட்டிக்கினுதான் வருவாரு. மூஞ்சி பாத்ததில்லீங்க."

"இவன்கிட்ட என்ன கேட்டு அடிச்சீங்க?"

"ஆணி எங்கன்னு... ரெண்டாவது தபா வந்தப்ப ஐயாதான் கேக்கச் சொன்னாரு."

கொட்டகையின் கோடியில் தார்ப்பாய் போர்த்திய லாரி நின்றது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஆறு பெரிய சுருள்கள். தேவசகாயம் ஒரு கையால் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "மாதாவே! சார், வேலி முழுசா இருக்குது. ஜல்தியா எடுத்துக்கினு போயிடலாம்."

ஜீவகன் சுருள்களின் முனைகளைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு முனையிலும், அடுத்த சுருளோடு ஆணியால் கோக்க, இரும்புப் பல். பல்லுக்குள் விரல் நுழையும் அளவு துளைகள். துளைகள் எல்லாம் காலி.

"ஆறு துண்டு. அஞ்சு மூட்டு. ஒரு மூட்டுக்கு ரெண்டு ஆணி. பத்தும் இல்ல." அவர் திரும்பி, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்த டிரைவரைப் பார்த்தார். "இவனை ஏன் கொல்லாம வச்சிருந்தாங்கன்னு இப்ப தெரியுது."

*

திண்டிவனம் பயணியர் விடுதியின் கூடம்தான் எண்ணெய்த் தடுப்புக் கட்டுப்பாட்டு அறை. லாரியை மில்லிலேயே போலீஸ் காவலில் விட்டு, விருத்தாசலத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இருவரும் அங்கே போனபோது மணி பன்னிரண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்து பொறுப்பேற்றிருந்த அதிகாரி தேவகுமார் மூன்று நாள் தாடியோடு இரண்டு போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஜீவகனைத் துப்பறிய அழைத்தவர் அவர்தான்.

"ஆணி இல்லாம வேலி வெறும் ரப்பர்," என்றார் தேவகுமார். "லேத்துல கடைஞ்சா நாளைக்குக் காலையில கிடைக்கும். கடல் இன்னிக்கு சாயங்காலமே வருது. ரெண்டரை மணிக்குள்ள லாரி இங்கேருந்து கிளம்பணும்."

சுவரில் கரும்பலகை. தோல் அனுப்பிய மில்களின் பெயர்கள். ஒரு பெயர்மேல் மட்டும் சுண்ணாம்புக் கோடு.

"மயிலம் ரோட்டு மில்லுப் பேரை அடிச்சது யாரு?" என்று கேட்டார் ஜீவகன்.

"சப்ளை எல்லாம் ஆபீசர் சீனுவாசன் பொறுப்பு. தீ விபத்துன்னு சொன்னார்."

"வேலியை முகத்துவாரத்துல கட்டக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

தேவகுமார் போனைக் கீழே வைத்தார். "முதல் நாள் மீட்டிங்லயே சீனுவாசன் சொன்னார். தெற்கே இருக்கிற உப்பள வாய்க்காலுக்குக் கட்டணும்னு. அது அவர் மாமனாரோட உப்பளம். நான் முடியாதுன்னுட்டேன். ஆனா அவர்... இன்னிக்குக் காலையிலேருந்து கரையிலதானே இருக்கார்?"

வாசலில் ஜீப் வந்து நின்றது. சீனுவாசன் ஓடிவந்தார். நாற்பது வயது, மூக்குக் கண்ணாடி. வெள்ளைப் பேண்ட்டும் சட்டையும் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று கறுத்திருந்தன. முழங்கைவரை கறுப்பு.

"விடியறதுக்கு முன்ன போனவன் சார், கரையிலயே நின்னு வாரிக்கினு இருந்தேன். லாரி போச்சுன்னு இப்பதான் கேள்விப்பட்டேன். அந்த டிரைவர் பயலைப் புடிச்சிட்டாங்களாமே?"

ஜீவகன் எழுந்து ஜன்னல் ஓரத்துக்குப் போனார். அங்கே தினம் காலையில் கரையிலிருந்து அள்ளி வந்த எண்ணெய், மூன்று பாட்டில்களில் வரிசையாக இருந்தது.

"சீனுவாசன் சார், கொஞ்சம் கிட்ட வந்து கையை இந்தப் பாட்டில் பக்கத்துல வையுங்க."

"எதுக்கு?"

"முதல் நாள் பாட்டில் கறுப்பு. ரெண்டாம் நாள் பாட்டில் பழுப்பு. இது இன்னிக்குக் காலையில எடுத்தது. பாருங்க."

மூன்றாவது பாட்டிலில் இருந்தது கெட்டியான பழுப்புக் குழம்பு. மூன்று நாள் அலையோடும் உப்புத் தண்ணீரோடும் அடிபட்டு எண்ணெய் அப்படி மாறியிருந்தது. சீனுவாசனின் கை, தாரைப் போலக் கறுத்திருந்தது.

"கரையில நிக்கிற கூலிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தெரியும் அதோட நிறம்," என்றார் ஜீவகன். "இந்த ரூம்ல உக்காந்து லாரி அனுப்பினவருக்குத் தெரியல. எண்ணெய்னா கறுப்புன்னு நெனச்சு, ஒர்க் ஷாப்ல லாரியிலேருந்து வடிச்ச பழைய ஆயிலை எடுத்துப் பூசிக்கிட்டீங்க."

"அதான் சார் உள்ள வரும்போதே கியர் பாக்ஸ் வாசனை வந்துச்சு," என்றான் தேவசகாயம்.

"கப்பல்லேருந்து புதுசா ஒழுகியிருக்கும்..."

"ஓட்டையை முந்தாநாளே அடைச்சாச்சு, சீனுவாசன்," என்றார் தேவகுமார். அவர் குரல் உடைந்திருந்தது. "நீங்கதானே எனக்கு அந்தத் தந்தியைப் படிச்சுக் காட்டினீங்க?"

சீனுவாசன் அழப்போகிறவர் போலக் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கணம் பாட்டிலை ஜன்னல் கட்டையில் அடித்து உடைத்து ஜீவகனின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தார். ஜீவகன் கையைக் குறுக்கே வைத்தார். உடைந்த பாட்டில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்துக்கொண்டு இறங்கியது. பழுப்புக் குழம்பும் ரத்தமும் தரையில் ஒன்றாகச் சொட்டின. சீனுவாசன் மறுபடியும் ஓங்கினார். தேவசகாயம் மேஜையிலிருந்த கனத்த போனை ஒயரோடு பிடுங்கி அவர் தாடையில் இறக்கினான்.

"உங்களுக்குத்தான் சார் ட்ரங்க் கால்."

இரண்டு பற்கள் தரையில் உருண்டன. சீனுவாசன் விழுந்த இடத்திலேயே கிடந்து, ரத்தம் நிறைந்த வாயால் சிரித்தார்.

"வேலியைக் கட்டிப் பாருங்கடா. ஆணி எங்கன்னு தெரிஞ்சவன் வாயைத் தொறக்கமாட்டான். தொறக்கற மாதிரி அவனுக்கு வாயே இல்ல."

*

ஆஸ்பத்திரியில் விருத்தாசலத்தின் வலது கையை இன்ஸ்பெக்டர் கட்டிலின் இரும்புக் கம்பியோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார். இடது கையைச் செண்பகம் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை.

"கண்ணு முழிச்சிட்டாரு. ஆனா ஒண்ணும் பேசல," என்றாள்.

வீங்கிய இமைக்கு நடுவில் ஒரு கண் கோடாகத் திறந்திருந்தது. அது ஜீவகனைப் பார்த்தது. அவர் கையில் புதிதாகச் சுற்றிய கட்டைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

"விருத்தாசலம், ஆணி எங்க?" என்றார் கூடவே வந்திருந்த தேவகுமார். "நான் கண்ட்ரோல் ரூம்லேருந்து வர்றேன்."

உதடு அசைந்தது. வந்தது வார்த்தை இல்லை. எச்சிலும் ரத்தமும்.

"கண்ட்ரோல் ரூம்னு சொல்லிக்கினுதான சார் இவரைக் கூட்டினு போயி இப்படிப் பண்ணாங்க?" என்றாள் செண்பகம். "அதே பேரைச் சொல்லிக்கினு நீங்களும் வந்து நின்னா எப்படிச் சொல்லுவாரு? கையில விலங்கு வேற."

ஜீவகன் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "உங்ககிட்ட விலங்கு எத்தனை இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

"வாசல்ல ஜீப்ல சீனுவாசனை வெறும் கயித்துல கட்டி வச்சிருக்கோம். கயிறு தாங்காது."

இன்ஸ்பெக்டர் சாவியை எடுத்தார். விலங்கு திறந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஜன்னலுக்கு வெளியே ஜீப்பில் சீனுவாசனின் மணிக்கட்டில் அது மாட்டிக்கொள்ளும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விருத்தாசலத்துக்கும் கேட்டது.

"டீசல் டேங்க்," என்றான் அவன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "ஜீப்புல வந்தவன் ரூட்டை மாத்துன்னான். எழுதிக் குடுன்னேன். குடுக்கல. டீசல் பாக்கறேன்னு எறங்கி... உள்ள போட்டேன். ஒம்போதுதான் இருக்கும்."

"பத்தாவது?"

"கை தவறி ரோட்டுல உழுந்துச்சு. ராஜாமணி அண்ணன் எடுத்து வேட்டி மடிப்புல சொருவிக்கினாரு." கண் செண்பகத்தைத் தேடியது. "மில்லுல எங்களைத் தனித்தனியா இழுத்துக்கினு போனாங்க. அண்ணன் எங்க?"

செண்பகம் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள். வீங்கிய இமையின் கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"சார்," என்றான் விருத்தாசலம் கடைசியில். "அவருகிட்ட சொல்லிட்டு எடுங்க. சும்மா உருவாதீங்க."

தேவசகாயம் லாரியைக் கொண்டுவரப் புல்லட்டில் பறந்தான். ஜீவகன் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நடந்தார். தகரக் கூரை போட்ட சவக்கிடங்கு. சிமெண்ட் மேடையில் ராஜாமணி. இன்னும் டாக்டர் வரவில்லை. யாரும் அவரைத் தொட்டிருக்கவில்லை.

வேலையாளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஜீவகன் மேடை அருகில் நின்றார். உயிரோடு இருப்பவர்களிடமே அதிகம் பேசாதவர்.

"ராஜாமணி, விருத்தாசலம் பொழைச்சுக்கிட்டான். ஆணியை உங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னான்."

இடுப்பு மடிப்பு இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் அவிழ்க்க நேரமாயிற்று. ஆணி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, மடிப்பை முன்பு இருந்ததுபோலவே சுருட்டிச் செருகினார்.

இரண்டே காலுக்கு லாரி வாசலில் வந்து உறுமியது. தேவசகாயம் இறங்கவில்லை. மடியில் ஒரு வாளி. வாளிக்குள் டீசல் நாறும் ஒன்பது ஆணிகள். ஜீவகன் ஏறி உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து, பத்தாவதை அதில் போட்டார்.

தேவசகாயம் அதைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த ரத்தத்தையும் பார்த்தான். கிழக்கே, மரக்காணம் ரோட்டில் வண்டியைத் திருப்பினான். கழுவெளி தெரியும்வரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.